ஊவாவின் ஒற்றையடிப் பாதைகள்

இலங்கையின் மலையக ரயில் பாதை பதுளையில் முடிகிறது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கும் மேலே ஏறிவிட்டு, அங்கிருந்து ஊவா மாகாணத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதை இது. 1924 ஆம் ஆண்டு ரயில் பதுளையை எட்டியபோது தோட்டத் துரைமார்களின் நீண்ட நாள் ஆசை நிறைவேறியது. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும். அரிசி மூட்டைகளையும் ஆட்களையும் மலைக்கு ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கில் போடப்பட்ட தண்டவாளம் அது. அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தேயிலையைப் பார்ப்பதற்காகவே ஒரு கூட்டம் வரும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வந்துவிட்டது. பதுளைக்குச் சற்று முன்னால் இருக்கும் எல்ல என்ற சிற்றூரைப் பார்த்தாலே போதும். முன்பு அங்கே ஓர் ஓய்வு விடுதியும், அதன் முற்றத்திலிருந்து மலை இடுக்கு வழியே தெரியும் காட்சியும்தான் பெயர் பெற்றவை. 2009 இல் போர் ஓய்ந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறிற்று. இன்று பிரதான வீதியின் இருபுறமும் விடுதிகளும் உணவகங்களுமாக நெருக்கியடிக்கின்றன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுமே கொண்டு இரும்பில்லாமல் எழுப்பப்பட்டது. பல பத்தாண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் மட்டுமே நின்று பார்த்த அந்தப் பாலம், கைப்பேசிப் படங்களால் உலகம் அறிந்த இடமாகிவிட்டது. தேயிலை மலைக்கு மேலே அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி கட்டி, அதில் ஆளைத் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள். பள்ளத்தாக்கை நோக்கி ஆடும் ஊஞ்சல்களும் உண்டு. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் கீழே நிற்க, அவள் தலைக்கு மேலே ஒருவர் அலறிக்கொண்டு பறந்து போகும் காட்சியை எல்லவில் சாதாரணமாகக் காணலாம்.

சாகசம் என்பது புதிதா?

மலை ஏறுவதும் வழி தெரியாத இடத்துக்குப் போவதும் மனிதனுக்குப் பழைய ஆசைதான். 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த பல்லக்கோடும் துணையாட்களோடும் பாவா ஆதம் மலைக்குப் போய், பாறையில் பதித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். எல்லவில் ஒரு குன்றுக்கு அந்த மலையின் பெயரையே 'சின்ன' என்ற அடைமொழியோடு சூட்டியிருக்கிறார்கள். ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் போதும். சிறுவர்களும் ஏறிவிடுவார்கள்.

வெள்ளைக்காரர் காலத்துச் சாகசம் வேறு மாதிரி. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. ஊவாவின் வீதிகள் பலவற்றைப் போட்டவரும் அவரே. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய மாதா கோவில் பதுளை நகரில் இன்னும் நிற்கிறது. அன்று யானைகளுக்கு நேர்ந்ததை நினைத்தால், இன்று கம்பியில் தொங்கி அலறுகிறவர்கள் எவ்வளவோ மேல்!

பணம் கொடுத்துச் சாகசம் செய்வது ஒரு தொழிலாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1964 இல் நேபாளத்தில் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற ஓய்வு பெற்ற படை அதிகாரி, மலை நடைப்பயணிகளை அழைத்துச் செல்ல ஒரு நிறுவனம் தொடங்கினார். 1988 இல் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் அருகே பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கும் விளையாட்டு வியாபாரமாயிற்று. கூட்டம் கூட்டமாகப் பேருந்தில் வந்து, பெரிய ஹோட்டலில் தங்கி, நாலு இடத்தைப் பார்த்துவிட்டுப் போவதில் சலிப்படைந்தவர்கள் வேறொன்றையும் தேடினார்கள். நடந்து போக வேண்டும், ஊர் மக்களோடு பேச வேண்டும், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட வேண்டும், செலவழிக்கும் காசு அந்த ஊரிலேயே தங்க வேண்டும். இதற்கு மாற்றுச் சுற்றுலா என்று பெயரிட்டார்கள்.

ஊவாவுக்கு இது வந்து சேர்ந்த வழி 'பீக்கோ டிரெயில்' எனப்படும் நடைபாதை. பீக்கோ என்பது சீனத்திலிருந்து வந்த சொல். தேயிலைத் தரங்களில் ஒன்றின் பெயர். இலங்கையில் வாழும் ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட் என்பவரின் யோசனையில் உருவாகி, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்து, 2023 இல் திறக்கப்பட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையைத் தொட்டு, அப்புத்தளை, எல்ல, தெமோதரை என ஊவாவைச் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். விரும்பியவர் விரும்பிய பகுதியை ஒரு நாளில் நடக்கலாம்.

இதில் நமக்குப் பிடித்த செய்தி, இதற்காகப் புதிதாகப் பாதை வெட்டவில்லை என்பது. கொழுந்து மூட்டைகள் இறங்கிய வண்டிப் பாதைகள், துரை குதிரையில் போன பாதைகள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகின்ற குறுக்கு வழிகள், ஆகியவற்றையே இணைத்து அடையாளமிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாதைகளை வெட்டியவர்கள் யார்? 1823 இல் கம்பளைக்கு அருகே முதல் கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களும், அவர்களுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் திருச்சி, மதுரை, சேலம் சீமைகளிலிருந்து வந்தவர்களும். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்த வருகைக்கு இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி போனார்கள். பீக்கோ பாதை திறந்ததும் அதே ஆண்டு. இரண்டையும் ஒரே பத்திரிகையில் அடுத்தடுத்துப் படித்தபோது நமக்கு ஏதோ போலிருந்தது.

கொழுந்து மலையில் ஒரு பேச்சு

அப்புத்தளையிலிருந்து டம்பேத்தன்னைக்குப் பஸ் உண்டு. அங்கே தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தொழிற்சாலை இன்றும் தேயிலை அரைக்கிறது. அதன் வாசலிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே நடந்தால் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்வையிட்ட இடம். முச்சக்கர வண்டியிலும் போகலாம். ஆனால் நடந்தால்தான் விஷயம் தெரியும். விடிந்த கையோடு புறப்பட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் மேலே போய் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வழியில் லயங்கள், கோயில், பாலர் பாடசாலை, கொழுந்து நிறுக்கும் கொட்டில் என்று ஒரு முழு ஊரே இருக்கிறது. நாம் போன நாளில் நமக்கு முன்னால் நான்கு வெளிநாட்டவர் நடந்தார்கள். ஒருவர் பாதையை விட்டு இறங்கி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டிப் படம் பிடித்துவிட்டு, கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு. நாம் ஸ்தம்பித்து நின்றதைக் கண்டு அவரே சிரித்தார்.

"படம் புடிக்கிறது புடிக்கட்டும் நானா. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் புடிச்சா என்ன கொறஞ்சா போகும்?"

"காசு ஏதும் தருவாங்களா அக்கா?"

"சில பேரு தருவாங்க. நான் கேக்கிறதில்ல. நின்னு பேசிக்கிட்டு இருந்தா என் கொழுந்த யாரு எடுக்கிறது? கிலோ கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க."

அவருடைய மகன் எல்லவில் ஒரு விடுதியில் வேலை செய்கிறானாம். மாதம் ஒரு முறை வருவான். வெள்ளைக்காரர்களோடு நன்றாக இங்கிலீஷ் பேசுவான் என்று சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை.

"நம்ம வீட்டுலயே ரெண்டு பேரத் தங்க வச்சு, ரொட்டியும் சம்பலும் குடுத்தா நல்லா சம்பாதிக்கலாம்னு அவன் சொல்றான். லயத்துல எங்க நானா தங்க வைக்கிறது? அது தோட்டத்து வீடு. கூரைத் தகரம் ஒண்ணு மாத்தணும்னாலும் ஆபீசுல போயி நிக்கணும்."

இந்த ஒரு பதிலில் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம். கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எல்லவில் சொந்தக் காணி வைத்திருந்த கிராமத்தவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் ஓர் அறையை வெள்ளையடித்து, வாசலில் பலகை மாட்டினார்கள். ஓர் அறை இரண்டாயிற்று, இரண்டு மாடியாயிற்று. உறுதியைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடிந்தது. நல்ல காரியம்தான். அவர்கள் உழைத்துச் சம்பாதித்தார்கள்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடைபாதை போவது தோட்டத்து நிலத்தில். அந்த நிலத்தை 1992 முதல் நிர்வகித்து வருபவை பெருந்தோட்டக் கம்பனிகள். லயத்தில் நான்கு தலைமுறையாகக் குடியிருந்தாலும், பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டுக்கோ அது நிற்கும் மண்ணுக்கோ உறுதி கிடையாது. உறுதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஒரு திண்ணையும் உள்ள இடத்தில் விருந்தாளியைப் படுக்க வைக்க இடமும் இல்லை. ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு என்ற திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இந்தியா முதலில் 4,000 வீடுகள் கட்டித் தர முன்வந்தது. 2017 இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கிடைத்த குடும்பங்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் அது கொஞ்சம்தான்.

சம்பளத்தையும் சொல்லிவிடுவோம். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்பது நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் கிடைத்தது. 2024 இல் 1,350 ஆயிற்று. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வரவுப் படியோடு சேர்த்து 1,750 ஆக்கப்படும் என்று அறிவித்தார்கள். எல்லவில் காட்சி தெரியும் அறையொன்றின் ஓர் இரவு வாடகை இதைவிடப் பல மடங்கு. அந்தக் காட்சி என்ன? வரிசை வரிசையாகக் கத்தரித்துவிட்ட தேயிலைச் செடியும் அதன் நடுவே வண்ணச் சேலையில் குனிந்து நிற்கும் பெண்களும்! பழைய துரை பங்களாக்கள் சில ஆடம்பர விடுதிகளாகிவிட்டன. அங்கே பரிமாறுகிறவருக்கு முன்பு 'அப்பு' என்று பெயர். இப்போது வேறு பெயர். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் ஊர் மாறவில்லை.

ஆனாலும் இந்தப் புதிய சுற்றுலாவை வேண்டாம் என்று சொல்லிவிட நமக்கு மனமில்லை. கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் மத்திய கிழக்குக்கும் போகின்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, பிறந்த மலையிலேயே ஒரு தொழில் கிடைப்பது சின்ன விஷயமல்ல. வழிகாட்டியாகப் போகிற இளைஞர்களைக் கண்டோம். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், எந்தப் புற்றில் குளவி இருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. படித்து வாங்கிய அறிவல்ல அது. அதற்கு இப்போது விலை கிடைக்கிறது. பெண்களுக்குத்தான் இதில் பங்கு இன்னும் எட்டவில்லை. பாதையோரத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்க ஒரு சிறிய கொட்டில் போடுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் இடம் கொடுத்தாலே பல வீடுகளில் அடுப்பு நன்றாக எரியும். இதற்கு வெளிநாட்டு உதவி எதுவும் தேவையில்லை.

மலையின் மறுமுகம்

கொஸ்லந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சி இருக்கிறது. 220 மீட்டர் உயரம், இலங்கையில் இரண்டாவது. முதலாவதான பம்பரகந்தயும் இதே பதுளை மாவட்டத்தில்தான். தியலுமவின் உச்சியில் பாறைகளுக்கிடையே இயற்கையான தடாகங்கள் உள்ளன. அங்கே குளிப்பதும் பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுப்பதும் இளைஞர்களிடையே பெரிய மோகமாகிவிட்டது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலை, பெய்த மழையில் மலை நழுவி லயங்களின் மீது இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடுமில்லை, தாய் தகப்பனுமில்லை. புதைந்தவர்களில் பலரது உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எங்கே போவது? போவதற்கு ஒரு துண்டுக் காணி இருந்தால்தானே! தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றுக்குள் நீண்ட நாள் தங்கியிருந்தார்கள். பிறகு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

2025 இந்த மலைகளுக்கு மிக மோசமான ஆண்டு. செப்டம்பர் 4 ஆம் தேதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவால் மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. எல்லவின் சரிவுகளில் தூண் நட்டு மாடி கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்ணைப் பிடித்து நிறுத்தும் மரத்தை வெட்டிவிட்டுக் காட்சிக்காக ஜன்னல் வைத்தால், ஒருநாள் மலையே ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் குரங்கணி நினைவிருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். இளம் பெண்கள் பலர் அதில் இருந்தனர். காய்ந்த புல் மலையில் கோடை நாளில் என்ன ஆபத்து என்பதை நன்கு அறிந்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் என்று அன்று பலரும் பேசினார்கள். ஊவாவின் பத்தனை மலைகளிலும் வறட்சிக் காலத்தில் தீ பிடிப்பது வழக்கமே.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். உலகச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். நடப்பதற்கும் அதுவே நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் குடும்பத்தோடு போக வேண்டாம். ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் தண்டவாளத்தின் மேல் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். ரயில் வாசலில் தொங்கிப் படம் எடுக்கப்போய் உயிர் விட்டவர்கள் உண்டு.

குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி போதும். பதுளை நகரத்துக்குப் பக்கம், ஒன்றரை கிலோமீட்டருக்குள் நடை. நடக்கக் கூடியவர்கள் இதல்கஸ்ஹின்னயில் இறங்கிப் பாருங்கள். மலை முதுகில் கட்டிய ரயில் நிலையம். மேடையில் நின்றால் இருபுறமும் பள்ளத்தாக்கு தெரியும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களில் பள்ளிவாசல்களும் நம்மவர் சாப்பாட்டுக் கடைகளும் இருப்பதால் சிரமமில்லை. அட்டை கடித்தால் பிய்த்து எடுக்காதீர்கள்; உப்பு வைத்தால் தானே விழும். தோட்டத்துப் பெண்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலையில் இறங்குகிறார்கள்.

வழிகாட்டி தேவையென்றால் எல்ல நகரத்து அலுவலகங்களில் பேசுவதற்கு முன், நீங்கள் நடக்கப்போகும் தோட்டத்தின் கடையில் கேளுங்கள். எவராவது ஒரு தம்பி வருவார். கூலியை முன்கூட்டியே பேசி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் எந்த லயத்து வாசலிலாவது "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் அதற்குச் சிரித்துத் தலையாட்டத்தான் முடியும். நமக்கு உட்கார்ந்து பேசவும் முடியும்.